உயர்த்திய வண்டியும் உயராத குழாயும்

சென்ற கிழமை இப்பகுதியில் கோடையில் வற்றும் கிணறுகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதனைப் படித்த அன்பர் சிலர், இவ்வாரமும் தோட்டம் துரவு பற்றியே ஏதேனும் வருமென எதிர்பார்த்திருப்பர். அவர்களை ஏமாற்றுகின்றேன். இன்று நான் எழுதப் புகுவது மோட்டார் வண்டியின் பிறேக் குழாயைப் பற்றி. 'இஃது ஆடவர் பட்டறையில் பேசவேண்டிய விடயமன்றோ? குடும்பப் பக்கத்தில் இதற்கென்ன வேலை?' எனச் சகோதரிகள் கேட்கலாம். வண்டியைச் செலுத்துபவர் ஒருவர். அதில் ஏறியிருப்பதோ ஒரு குடும்பம். ஆதலின் இது குடும்பப் பக்கத்துக்கு உரிய பொருளே என்பது என் துணிபு.

என் மூத்த தமக்கையாரின் மகன் ஒருவன் கண்டியில் உத்தியோகம் பார்க்கின்றான். முறைக்கு மருமகன், வயதிலோ எனக்குப் பத்தாண்டே இளையவன். 2020 ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிடப்படும் வரை, நம் நாட்டிற் பழைய வண்டிகளுக்கு ஏற்பட்ட மதிப்பை வாசகர்கள் அறிவார்கள். வளவு மூலையிற் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த வண்டிகள்கூடப் பொன்னும் மணியும்போற் போற்றப்பட்ட காலம் அது. அக்காலத்திலேதான் அவன் 1960களிற் செய்யப்பட்ட ஜீப் ஒன்றை வாங்கினான். நான்கு சில்லுகளும் இழுக்கும் வகையைச் சேர்ந்தது. வாங்கியதோடு நிற்கவில்லை. மலைநாட்டுத் தோட்டத் தெருக்களிற் கல்லும் பள்ளமும் அடியில் இடியாதிருக்கவேண்டுமென்று, ஸ்பிறிங் தகடுகளை மாற்றி வண்டியை மூன்று அங்குலம் உயர்த்தினான். 28 அங்குல விட்டமுள்ள சில்லுகளை அகற்றி 32 அங்குலச் சில்லுகளைப் பூட்டினான். சொக் அப்சோபர் எனப்படும் அதிர்ச்சி தாங்கிகளையும் நீளமானவையாக மாற்றினான்.

2024 ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையில் நானும் என் மனைவியும் அவன் வீட்டுக்குப் போயிருந்தோம். வண்டியை எனக்குக் காட்டுவதில் அவனுக்கு ஒரு பெருமை. குனிந்து பார்க்கச் சொன்னான். பழைய கறுத்த இறப்பர்க் குழாய்கள் இருந்த இடத்தில், எஃகு இழைகளால் வலைபோலப் பின்னிய புதிய பிறேக் குழாய்கள் வெள்ளிபோல மின்னின.

"இறப்பரைவிட இது பன்மடங்கு உறுதி என்கிறார்கள், மாமா. நீங்கள் பௌதிகம் படிப்பிக்கிறவர்; சொல்லுங்கள், சரிதானே?" என்றான்.

"சரிதான்" என்றேன்.

அந்த விடை பிழையன்று. ஆயினும் அதனைச் சொன்னதற்காக நான் இன்றும் வெட்கப்படுகின்றேன். ஏனென்பதைக் கூறுகின்றேன்.

மறுநாட் காலை உன்னஸ்கிரியாவுக்கு அப்பால் ஒரு பழைய தோட்டத் தெருவழியே சென்றோம். மருமகன் செலுத்த, அவன் பக்கத்தில் நானும், பின்னால் என் மனைவியும், அவனுடைய ஆறு வயதுப் பெண்குழந்தையும் இருந்தோம். மழைநீர் அரித்த வாய்க்கால் ஒன்று தெருவைக் குறுக்காக வெட்டியிருந்தது. வலப்பக்க முன்சில்லு அதனுள் இறங்கிற்று. வண்டியின் உடல் மேலேயே நின்றது. மெல்ல ஏறிக் கடந்தோம். எவ்வித ஓசையும் கேட்கவில்லை. சற்றுத் தூரத்தில் தெரு சரிந்து இடப்புறம் வளைந்தது. மருமகன் பிறேக்கை மிதித்தான். மிதி, தடையேதுமின்றி, தளம்வரை போயிற்று. மீண்டும் மிதித்தான், மீண்டும் போயிற்று. வலப்புறம் பள்ளத்தாக்கு.

நல்வினைப் பயனாக வண்டி முதலாம் கியரிலே இறங்கிக்கொண்டிருந்தது. அவன் நிதானம் இழக்காமற் கைப்பிறேக்கை இழுத்து, வண்டியின் மூக்கை இடப்புற மண்மேட்டிற் கொண்டுபோய் முட்டவிட்டான். நின்றோம். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னாலிருந்த குழந்தைதான், "வந்திட்டோமா, தாத்தா?" என்று கேட்டாள். நாற்பத்தாறு வயதிலேயே எனக்குத் தாத்தாப் பட்டம் தந்தவள் அவள். அந்தக் கேள்விக்கு விடைசொல்ல என் நா எழவில்லை.

அந்த ஜீப்பின் கைப்பிறேக், கியர்ப் பெட்டியின் பின்னால் ஓடும் தண்டை இறுகப் பற்றி நிறுத்துவது. கம்பியால் இயங்குவதாதலின் குழாயோடும் திரவத்தோடும் அதற்குச் சம்பந்தமில்லை. அதனாலேயே நாங்கள் பிழைத்தோம்.

கீழே குனிந்து பார்த்தபோது உண்மை விளங்கிற்று. எஃகு வலைக் குழாய் அறவில்லை. அதில் ஓர் இழைகூடப் பிரியவில்லை. அது பொருந்தியிருந்த மேல் வாய்தான் பிய்ந்திருந்தது. அவ்விடத்திலிருந்து திரவம் சொட்டிக்கொண்டிருந்தது. மருமகன் வாங்கியது உறுதியில் உயர்ந்த குழாய். நீளத்தில் மட்டும் பழைய குழாயின் அளவேயானது. வண்டி மூன்று அங்குலம் உயர்ந்துவிட்டது, குழாய் உயரவில்லை.

யாழ்ப்பாணத்தவர்க்கு இதனை விளக்கப் பெரிய நூல்கள் வேண்டா. மாரியிலே கிணறு நிறைந்திருக்கும்போது எட்டும் கயிறு, கோடையில் நீர் கீழே இறங்கியதும் எட்டாது. அப்போது 'இக்கயிறு பழையது, நைந்தது' என்று சொல்லி, அதே நீளத்தில் உறுதியான புதுக்கயிறு ஒன்றை வாங்கிக் கட்டுபவனை என்னென்போம்? கயிறு உறுதியானது என்பது மெய். வாளி நீரைத் தொடாது என்பதும் மெய். 'உறுதியானதா?' என்று என் மருமகன் கேட்டான், 'உறுதியானது' என்றேன். 'நீளம் போதுமா?' என்று அவன் கேட்கவில்லை; கேட்கவேண்டியதை எடுத்துச் சொல்லவேண்டிய ஆசிரியனும் சொல்லவில்லை. இருபது ஆண்டுகளாகப் பாஸ்கலின் விதியைக் கரும்பலகையில் எழுதி வருபவன் நான்!

அவ்விதியைச் சுருக்கமாக நினைவுபடுத்துகின்றேன். பிரான்சிய அறிஞர் பாஸ்கல் 1623 இற் பிறந்து 1662 இல் மறைந்தவர். அடைபட்ட திரவம் ஒன்றின் ஓரிடத்திற் கொடுக்கப்படும் அமுக்கம் குறைவின்றி எல்லாத் திசைகளிலும் பரவும் என்பது அவர் கண்டது. இதனை மோட்டார் வண்டியின் பிறேக்குக்குப் பயன்படுத்தி அமெரிக்கரான மல்கம் லொக்ஹீட் 1917 இல் உரிமம் பெற்றார். 1921 இல் வெளிவந்த டூசன்பேர்க் வண்டியின் நான்கு சில்லுகளிலும் இவ்வமைப்பு இடம்பெற்றது. நாம் காலால் மிதிப்பது ஓர் உருளையிலுள்ள திரவத்தை. அத்திரவம் குழாய்வழி ஓடிச் சில்லுகளிலுள்ள சிற்றுருளைகளைத் தள்ளுகிறது. அவை பிறேக் கட்டைகளை அழுத்துகின்றன. கடுமையாக மிதிக்கும்போது குழாயினுள்ளே சதுர அங்குலத்துக்கு 1,000 இறாத்தலுக்கு மேலும் அமுக்கம் எழுவதுண்டு. 'அடைபட்ட திரவம்' என்ற நிபந்தனையை மட்டும் எவரும் மறத்தலாகாது. குழாயின் வாய் பிய்ந்தால் திரவம் அடைபட்டதாகாது, விதியும் உதவாது.

வண்டியின் சட்டத்தோடு ஒட்டியோடும் குழாய் உலோகத்தாலானது. சட்டம் அசையாததாதலின் அதற்கு வளையவேண்டிய தேவையில்லை. சில்லுகளைத் தாங்கும் அச்சோ மேலும் கீழும் ஆடுவது. முன்சில்லுகள் பக்கமாகவும் திரும்புவன. ஆகவே சட்டத்திலிருந்து அச்சுக்குத் தாவும் இடத்தில் மட்டும் வளையும் குழாயை வைக்கின்றனர். வண்டியை உயர்த்தும்போது நாம் அகலச்செய்வது இந்த இடைவெளியைத்தான். உயர்த்துபவர் மாற்றவேண்டியவற்றில் முதன்மையானது அச்சிறு குழாயே.

எங்கள் வண்டியைக் கண்டிக்கு இழுத்துச்சென்று முதிய திருத்துநர் ஒருவரிடம் ஒப்படைத்தோம். அவர் செய்த வேலையை நான் அருகிருந்து பார்த்தேன். ஒரு நல்ல பாடசாலையில் இருந்ததுபோல் இருந்தது.

முதலில், வண்டியின் சட்டத்துக்குக் கீழே தாங்கிகளை வைத்து, நான்கு சில்லுகளும் நிலத்தைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கும்படி உயர்த்தினார். "நிற்கிற வண்டியை அளந்து பயனில்லை, ஐயா. தொங்குகிற வண்டியை அளக்கவேண்டும்" என்றார். பொன்போன்ற வாசகம்! நிலத்தில் நிற்கும்போது எங்கள் குழாய் தளர்ந்தே காணப்பட்டது. அதனாலேயே மருமகன் ஏமாந்தான். ஒரு சில்லு பள்ளத்தில் தொங்கும்போது எவ்வளவு தூரம் போகும் என்பதே உண்மையான அளவு. அதிர்ச்சி தாங்கிகளை நீளமாக்கியபோது அத்தூரமும் கூடிவிட்டது. அச்சு கீழே போவதைத் தடுத்து நிறுத்தவேண்டியது அதிர்ச்சி தாங்கியேயன்றிப் பிறேக் குழாயன்று. எங்கள் வண்டியில் அது தலைகீழாயிற்று.

அடுத்து ஒரு நூற்கயிற்றை எடுத்து, குழாய் செல்லவேண்டிய வழியே வைத்து, சுக்கானை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பி, மிக நீண்ட அளவைக் குறித்துக்கொண்டார். அதன்மேல் ஓரிரு அங்குலம் தளர்ச்சி சேர்த்தார். "நிறையச் சேர்த்தால் என்ன?" என்று கேட்டேன். "நீளம் மிஞ்சினால் ரயரில் உரசும், ஐயா" என்றார். அச்சு முழுவதும் மேலேறி நிற்கும் நிலையிலும் சுக்கானைத் திருப்பி, குழாய் எதிலும் உரசவில்லையென்று பார்த்தபின்பே அவர் திருப்தியடைந்தார்.

நீளமான குழாய் கிடைக்காதவிடத்து, சட்டத்தில் குழாயைத் தாங்கும் கொளுவியைக் கீழே இறக்கிப் பூட்டுவதும் உண்டு. அவ்வாறு செய்யின் மேலிருந்து வரும் உலோகக் குழாயை மடிப்பு விழாமல் மெல்ல வளைத்தல்வேண்டும். வளையாவிடிற் புதிதாகச் செய்தல்வேண்டும். இரண்டு பழைய குழாய்களை இடையில் ஒட்டியோ கிளிப்புப் போட்டோ நீளமாக்குவது மட்டும் ஒருபோதும் கூடாது. குழாயின் இரு முனைகளும் உரிய இயந்திரத்தால் நெரித்துப் பொருத்தப்பட்டிருத்தல் அவசியம். அமெரிக்க நாட்டின் 106 ஆம் இலக்கப் பாதுகாப்பு நியமத்தின்படி, பிறேக் குழாய் சதுர அங்குலத்துக்கு 4,000 இறாத்தல் அமுக்கத்தை இரண்டு நிமிடம் தாங்கவேண்டும். சுழற்றி ஆட்டும் சோதனையில் 35 மணித்தியாலம் பழுதின்றி இருக்கவேண்டும். இத்தகைய சோதனைக்கு உட்பட்ட குழாய்களில் அதற்குரிய குறி பொறிக்கப்பட்டிருக்கும். கடையில் வாங்குவோர் மினுக்கத்தைப் பாராமல் அக்குறியைப் பார்ப்பார்களாக.

எஃகு வலைக் குழாயை நான் இகழ்வதாக எவரும் கருதற்க. அதன் உட்புறம் டெப்லோனால் ஆனது. அமுக்கத்தில் இறப்பரைப்போல உப்பாதாதலின், மிதி காலுக்கு உறுதியாக இருக்கும். ஆனால் வலைக்குள் மணல் புகுந்தால் உட்குழாயை அராவும். மேலே பிளாஸ்ரிக் உறை போர்த்தியதை வாங்குவதே நன்று. பழைய இறப்பர்க் குழாயிலும் ஒரு சூது உண்டு. வெளியே நன்றாயிருக்க, உள்ளே வீங்கி அடைத்துக்கொள்ளும். அப்போது மிதிக்கும்போது திரவம் போகும். காலை எடுத்தபின் திரும்பி வராது. ஒரு சில்லு மட்டும் சூடேறி, வண்டி ஒருபுறம் இழுக்குமாயின் இதனை ஐயுறலாம்.

உலோகக் குழாய்களையும் திருத்துநர் விட்டுவைக்கவில்லை. எஃகுக் குழாய்கள் துருவேறியிருந்தன. கடற்காற்றுப்படும் நம் யாழ்ப்பாணத்து வண்டிகளில் இஃது இன்னும் விரைவில் நிகழும். அவற்றுக்குப் பதிலாகச் செப்போடு பத்து வீதமளவில் நிக்கல் கலந்த குழாயை இட்டார். அது துருவேறாது, கையால் வளைக்கவும் எளிது. தனிச் செப்புக் குழாய் வேண்டாவென்றார்; அதிர்ச்சியில் நாளடைவில் இறுகி வெடிக்குமாம். குழாயின் வாயை விரிப்பதிலும் வகைகள் உண்டு. 45 பாகையில் இரட்டையாக மடிப்பது ஒன்று, குமிழ்போல விரிப்பது ஒன்று, ஆகாய விமானங்களுக்கென வகுக்கப்பட்ட 37 பாகை வாய் ஒன்று. ஒரு வகையை மற்றொன்றோடு சேர்த்து இறுக்கினாற் கசியும். கசிகிறதென்று புரியில் நாடா சுற்றுவதும் பேதைமை. திரவத்தைத் தடுப்பது விரித்த வாயேயன்றிப் புரியன்று.

இனித் திரவம். நாம் இதனைப் 'பிறேக் ஒயில்' என்கிறோம். உண்மையில் ஜீப்புக்கு நாங்கள் ஊற்றிய திரவம் எண்ணெயன்று. பெயரை நம்பி எஞ்சின் ஒயிலை ஊற்றினால் இறப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுப்போகும். இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. மூன்றாம் இலக்க வகை புதிதாயிருக்கும்போது 205 பாகை செல்சியஸ்வரை கொதியாதிருக்கவேண்டும். ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 140 ஆக இறங்கலாம். நான்காம் இலக்க வகைக்கு இவ்வெல்லைகள் 230, 155 ஆகும். நீண்ட மலையிறக்கத்தில் பிறேக் சூடேறித் திரவம் கொதித்தால் ஆவி உண்டாகும், ஆவி அமுங்கும், மிதி தளம்வரை போகும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையாயினும் இதனை மாற்றுதல் நலம்.

குழாயை மாற்றியபின் உள்ளே நுழைந்த காற்றை வெளியேற்றவேண்டும். இதற்கு இருவர் வேண்டும். எங்கள் வண்டிக்கு மிதியில் அமர்ந்தவர் என் மனைவி. "மிதியுங்கள் அம்மா... பிடியுங்கள்... இப்போது விடுங்கள்" என்று கீழிருந்து குரல் வர, மிக எட்டத்திலுள்ள பின்சில்லில் தொடங்கி, ஒவ்வொன்றாகக் காற்றுக் குமிழிகள் அடங்கும்வரை செய்தார்கள். இடையிடையே கிண்ணத்திற் திரவத்தை நிரப்ப மறக்கலாகாது. பின்னர் மிதியை ஒரு நிமிடம் பலமாக அழுத்திப் பிடித்திருக்க, திருத்துநர் ஒவ்வொரு மூட்டையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தார். துணி நனையவில்லை.

வேறு இரண்டு செய்திகளையும் சொல்லி முடிக்கின்றேன். பெரிய சில்லு பூட்டினால் அதே பிறேக்கின் வலிமை குறையும். 28 அங்குலத்திலிருந்து 32 அங்குலத்துக்குப் போனால், நிலத்தில் கிடைக்கும் தடைவிசை எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும். கணக்குத் தெரிந்த பிள்ளைகள் செய்துபார்க்கலாம். மற்றது, பிற்கால வண்டிகள் பலவற்றில் பின்அச்சோடு ஒரு கோலால் இணைத்த கட்டுப்பாட்டு அடைப்பு ஒன்று உண்டு. பாரம் ஏறி வண்டியின் பின்புறம் தாழ்ந்தால் பின்பிறேக்குக்கு அமுக்கத்தைக் கூட்டும், உயர்ந்தால் குறைக்கும். வண்டியை நாம் உயர்த்திவிட்டால், பாரமில்லை என்று அது நினைத்துப் பின்பிறேக்கை அடக்கிவிடும். ஆதலின் அக்கோலையும் உயரத்துக்கேற்பச் சீர்செய்தல்வேண்டும்.

மருமகனின் ஜீப்பில் ஒரே சுற்று. ஓரிடம் பிய்ந்தால் நான்கு சில்லுகளும் கைவிடும். 1968 தொடக்கம் அமெரிக்காவிற் புதிய பயணிகள் கார்களுக்கு இரட்டைச் சுற்று கட்டாயமாயிற்று. ஒன்று போனாலும் மற்றது உதவும். அவன் இப்போது தன் ஜீப்புக்கும் இரட்டை உருளை பூட்டுவித்துள்ளான். செலவைக் கேட்டு அவன் மனைவி முகஞ்சுழித்தாளாம். குழந்தையின் பெயரைச் சொன்னானாம். அவள் மறுபேச்சுப் பேசவில்லை.

வண்டியை உயர்த்துவது தவறென்று நான் கூறவில்லை. உயர்த்தியபின் எதனை நீட்டவேண்டும் என்று கேளாதிருப்பதே தவறு. அத்தவற்றில் எனக்கும் பங்குண்டு.

சென்ற தவணை பத்தாம் வகுப்பிற் பாஸ்கலின் விதியைப் படிப்பிக்கும்போது, விதியை எழுதுமுன் மேசைமேல் இரண்டு பொருள்களை வைத்தேன்: அந்தப் பிய்ந்த குழாயின் வாய், திருத்துநரிடம் கேட்டு வாங்கிவந்த நூற்கயிறு. "இக்கயிறு எதற்கு, சேர்?" என்று ஒரு மாணவன் கேட்டான். இருபது ஆண்டுகளாக நான் எதிர்பார்த்திருக்கவேண்டிய கேள்வி அது. அன்று பாடத்தை அங்கிருந்தே தொடங்கினேன்.